இந்த மாதப் பாடம்: புத்தகத்தை மூடு, பாடத்தைச் சொல்லு



சேமிப்பு, கடன், கணக்கு என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். நம்மில் பலர் கடன் வாங்குவது யாருக்காக? நம்ம புள்ளைங்க படிப்புக்காகத்தான். நோட்டு, கைடு, டியூஷன், ஹாஸ்டல் என்று எத்தனை செலவு! கடன் மனுவில் 'கல்விச் செலவு' என்று எழுதி வாங்குகிறோம், வட்டியோடு கட்டி முடிக்கிறோம். ஆனால் அந்தப் புள்ள எப்படிப் படிக்குது என்று நாம் கேட்பதில்லை. "எனக்கே எழுத்து தெரியாது. நான் என்னத்தக் கேக்கப் போறேன்?" என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

எழுத்து தெரியாத தாயும் தன் புள்ளையின் படிப்புக்கு உதவி செய்யலாம். டீச்சருக்கு அடுத்தபடியாக அந்தத் தாயால்தான் அது முடியும். எப்படி என்பதே இந்த மாதப் பாடம்.

எங்கள் குழுவில் நடந்தது

பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்து ஊர் ஒன்றில் எங்கள் குழு இருக்கிறது. அங்கே நடந்ததை முதலில் சொல்கிறோம். யார், எந்த வருஷம் என்பது வேண்டாம். எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான்.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் மூன்று பாடத்தில் பெயில். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றிலும் 35-ஐத் தொடவில்லை. ஜனவரி மாதக் கூட்டத்தில் சேமிப்பைக் கட்டிவிட்டு அந்தம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

"ராத்திரி பத்து மணி வரைக்கும் சத்தம் போட்டுத்தான் படிக்குது அக்கா. பக்கத்து வீட்டுக்குக் கூட கேக்குது. அவ மண்டையில மட்டும் ஏறல. மில்லுக்கு ஆள் எடுக்கிறவரு ரெண்டு தடவ வந்துட்டாரு. பெயிலானாலும் பரவாயில்ல, பரீட்ச முடிஞ்சதும் அனுப்புங்கனு சொல்றாரு. முன்பணமும் தர்றாராம்."

கீழே இருக்கிற நூற்பாலைகளுக்கு மலையிலிருந்து பொம்பளப் புள்ளைங்களைக் கூட்டிப்போவது நமக்குப் புதிதல்ல. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று 'சுமங்கலித் திட்டம்' பேரில் எத்தனையோ புள்ளைங்க போனார்கள். எல்லாரும் முழுப்பணத்தோடும் நல்ல உடம்போடும் திரும்பி வரவில்லை என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்குக் கூட்டத்தில் எங்களில் நாலு பேர், "படிப்பு வராத புள்ளய வச்சுக்கிட்டு என்ன பண்றது, அனுப்பிரு" என்றுதான் சொன்னோம். அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம்.

கல்யாணமாகி வந்து புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சி, டிகிரி முடித்தவர், அதுவரை பேசாமல் இருந்தார். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நாளைக்கு அந்தப் புள்ள ஒரு பாடத்தப் படிச்சதும் புத்தகத்த வாங்கி வச்சுக்கங்க. பாக்காம சொல்லச் சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்" என்றார்.

மறுநாள் அந்தம்மா அப்படியே செய்தார். அரை மணி நேரம் சத்தமாகப் படித்த புள்ள, புத்தகத்தை மூடியதும் இரண்டு வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று அந்தம்மா ஓடி வந்தார். அந்தத் தங்கச்சி, "இல்லக்கா, தனக்கு எது தெரியலனு அவ இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டா. இனிமேதான் படிப்பே ஆரம்பம்" என்றார்.

அது எப்படி என்று இனிப் பார்ப்போம்.

படிக்கிற சத்தம் வேறு, படிப்பு வேறு

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு பேர் செய்த சோதனை 2006-ல் வெளிவந்தது. கல்லூரி மாணவர்களைப் பிரித்து சின்னச் சின்னப் பாடங்களைக் கொடுத்தார்கள். ஒரு பாடம் சூரியனைப் பற்றியது.

ஒரு பிரிவினர் பாடத்தை நாலு முறையும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரே ஒரு முறை படித்தார்கள். மற்ற மூன்று முறையும் தாளை எடுத்துவிட்டு, ஞாபகம் வந்ததை எல்லாம் பார்க்காமல் எழுதினார்கள். 

ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் 100-க்கு 83 பங்கு சொன்னார்கள். பார்க்காமல் எழுதியவர்கள் 71 பங்கு. ஆக, திரும்பத் திரும்பப் படித்ததுதான் நல்லது போலத் தோன்றியது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 பங்குதான் மிச்சம். பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 பங்கு நின்றது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். "உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்பே கேட்டிருந்தார்கள். நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

நம் வீட்டில் நடப்பதும் இதுதான். ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை படித்தால் வரிகள் எல்லாம் பழகிப்போகும். "எனக்கு வந்துருச்சு" என்று புள்ள நம்பும், சத்தத்தைக் கேட்டு நாமும் நம்புவோம். பரீட்சை ஹாலில் புத்தகம் கிடையாது. புத்தகம் இல்லாமல் சொல்லிப் பழகாத புள்ள அங்கேதான் முதன்முதலாகப் பழக வேண்டியிருக்கிறது. அது சோம்பேறித்தனமும் இல்லை, மக்குத்தனமும் இல்லை. பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

நாம் கையெழுத்துப் போடக் கற்றது எப்படி?

இது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1990-களில் அறிவொளி இயக்கம் வந்தபோது நம்மில் எத்தனை பேர் ராத்திரி வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப் பழகினோம்! தொண்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து எழுதியபோது சுலபமாக இருந்தது. பேங்க்கில் பாரத்தை நீட்டியதும் கை நின்றுவிட்டது. சிலேட்டைத் திருப்பி வைத்து, தப்பும் தவறுமாக எழுதி, திரும்பப் பார்த்துத் திருத்தி எழுதிய பிறகுதான் கையெழுத்து நம்முடையதாக ஆனது. ரேகை வைத்த கை கையெழுத்துப் போட்டது இப்படித்தான்.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் பாடத்தை ஒப்பிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. மணலில் எழுதிப் பழகுவார்கள். பெரிய புள்ள சின்னப் புள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்கள் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பள்ளியில் புள்ளைங்க மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைச் செய்தார். புள்ளைக்குப் புள்ளையே சொல்லிக்கொடுக்கும் முறையையும் நடத்திப் பார்த்து, 1797-ல் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பேரிலேயே பரவியது.

ஒரு எச்சரிக்கை. அர்த்தம் தெரியாமல் கடகடவென்று ஒப்பிப்பது போதாது. ஒரு வார்த்தை மறந்தால் முழுதும் நின்றுவிடும். "உன் சொந்த வார்த்தையில சொல்லு பாப்பா" என்று கேட்க வேண்டும். இலை பச்சையாக இருப்பது ஏன், மழை பெய்தால் மண் சரிவது ஏன் என்று புள்ள தன் பேச்சில் சொன்னால் அதுதான் புரிந்த பாடம். பரீட்சைக்கு எழுதும்போது புத்தகத்தில் உள்ள முக்கியச் சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சிறுகச் சிறுகச் சேமிப்பது போல

நம் குழுக்கள் எப்படி வளர்ந்தன? தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய காலத்தில், வாரம் சில ரூபாய் போட்டு என்ன ஆகப்போகிறது என்று சிரித்தவர்கள் உண்டு. ஒரே நாளில் மொத்தப் பணத்தையும் கட்டச் சொல்லியிருந்தால் நம்மில் ஒருவரும் சேர்ந்திருக்க மாட்டோம். விட்டுவிடாமல் கட்டியதால்தான் சேர்ந்தது. படிப்பும் அப்படித்தான்.

எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே வைத்துச் சோதனை செய்து 1885-ல் ஒரு புத்தகம் எழுதினார். அர்த்தமே இல்லாத எழுத்துக் கூட்டங்களை மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்குப் பார்த்தார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளிலேயே மறந்துபோகிறது, அதன் பிறகு மெதுவாக மறக்கிறது என்று கண்டார். இன்னொன்றும் கண்டார். ஒரே நாளில் 68 தடவை சொல்லிப் பார்த்ததும், மூன்று நாளில் பிரித்து 38 தடவை சொல்லிப் பார்த்ததும் ஒரே பலனைத் தந்தன. பாதிக்குச் சற்றே அதிகமான உழைப்பில் அதே பலன். நாளைப் பிரித்ததுதான் வித்தியாசம்.

அதனால் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பதைவிட, நாலு தடவை பிரித்துப் பார்ப்பது நல்லது. பாடம் நடத்திய அன்றைக்கே ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. பாடம் பழகப் பழக ஒவ்வொரு தடவைக்கும் நேரம் குறைந்துகொண்டே வரும்.

'தினமும் கொஞ்சம்' என்பதற்கு நம் கொடைக்கானலிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. அப்சர்வேட்டரி என்று நாம் சொல்லுகிற சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899-ல் தொடங்கியது. 1904 முதல் அங்கே வானம் தெளிந்த நாளில் எல்லாம் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்தார்கள். ஒரு நாள் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. சூரியனில் உள்ள கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன. அதை அங்கே படத்திலேயே பார்க்கலாம் என்றால் நூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்த படங்கள் இருப்பதால்தான். எவர்ஷெட் என்பவர் அங்கிருந்துதான் 1909-ல் கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் அது அவர் பேரால் வழங்குகிறது. அவருடைய மனைவி மேரியும் சூரியனை ஆராய்ந்தவர். பல வருஷப் பதிவுகளை வைத்து இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1917-ல் வெளிவந்தது.

கொடைக்கானலில் மூடுபனி எத்தனை நாள் இருக்கும் என்று நமக்குத் தெரியும். மேகம் மறைத்த நாளில் படம் இல்லை. அதற்காக அவர்கள் வேலையை விட்டுவிடவில்லை, வானம் தெளிந்ததும் எடுத்தார்கள். புள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படிக்காமல் போனால், "எல்லாம் போச்சு" என்று திட்ட வேண்டாம். ஐந்தாம் நாள் உட்கார்ந்தால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டிய ஏழு காரியம்

1. நேரமும் இடமும் ஒன்றாக இருக்கட்டும். தனி அறை வேண்டாம். லயன் வீடாக இருந்தாலும் ஒரு மூலை, ஒரு பாய், ஒரு லைட் போதும். ராத்திரி ஏழு மணி என்றால் தினமும் ஏழு மணி. அந்த நேரத்தில் டி.வி.யும் செல்போனும் வேண்டாம். புள்ளையின் போனை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டு நாம் பார்த்துக்கொண்டிருந்தால் நடக்காது. நம் போனும் அடுப்படிக்குப் போகட்டும்.

2. படி, மூடு, சொல்லு, திற. ஒரு பகுதி படித்ததும் புத்தகத்தை மூடி, ஞாபகம் இருப்பதைச் சொல்ல வேண்டும் அல்லது எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன இடத்தில் எல்லாம் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைத்த இடத்தை மட்டும் மறுபடி படித்து, மறுபடி மூடிச் சொல்ல வேண்டும். எழுத்து தெரியாத தாய்க்கு இந்தப் புள்ளிதான் கணக்கு. நேற்று பத்துப் புள்ளி, இன்றைக்கு நாலு புள்ளி என்றால் புள்ள முன்னேறுகிறது என்று அர்த்தம்.

3. மூன்று கேள்வி கேளுங்கள். "இன்னைக்கு என்ன பாடம்? அது ஏன் அப்படி? நம்ம காட்டுல, வீட்டுல அது மாதிரி எது இருக்கு?" இதைக் கேட்க எழுத்து வேண்டாம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கலாம். பதில் சரியா தப்பா என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. நமக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயன்றாலே புள்ளைக்குப் பாடம் தெளியும். எங்கே தடுமாறுகிறதோ அங்கே புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. கணக்குக்குக் கண் போதாது, கை வேண்டும். போட்ட கணக்கைப் பார்த்துப் புரிந்துகொள்வது வேறு, விடையை மறைத்துத் தானே போடுவது வேறு. ஒரே வகைக் கணக்கு பத்து போட்டு முடிந்ததும், பழைய பாடத்துக் கணக்கு இரண்டு மூன்றைக் கலந்து போடச் சொல்லுங்கள். பரீட்சையில் கணக்குகள் கலந்துதான் வரும். எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதும் பழக்கமே.

5. அக்கா தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுக்கிறவர்தான் அதிகம் கற்கிறார். ஆறாம் வகுப்புப் புள்ள மூன்றாம் வகுப்புத் தம்பிக்கு வாய்ப்பாடு கேட்டால் இரண்டு பேருக்கும் லாபம். ஆனால் அக்காவின் சொந்தப் படிப்பு நேரத்தை அதற்காக எடுக்கக் கூடாது.

6. தூக்கத்தைக் குறைக்க வேண்டாம். பகலில் படித்தது தூங்கும்போதுதான் மூளையில் படிகிறது. ராத்திரி ஒரு மணி வரை கண் விழித்த புள்ள காலையில் வகுப்பில் தூங்கி விழும். டீச்சர் சொல்லும்போது காதில் வாங்காததை வீட்டில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தும் ஈடுகட்ட முடியாது. காலைச் சாப்பாடும் முக்கியம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். பசித்த வயிற்றில் பாடம் நிற்காது. மேல்வகுப்புப் புள்ளைங்களுக்கு ரெண்டு வாய் பழைய கஞ்சியாவது கொடுத்து அனுப்புங்கள்.

7. மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் தப்பைக் கேளுங்கள். திருத்திய பரீட்சைத் தாள் வந்ததும் "எத்தன மார்க்?" என்பதோடு விட்டுவிடுகிறோம். "எந்தக் கேள்வி தப்பாச்சு, இப்ப அதுக்குப் பதில் தெரியுமா?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் புள்ளையோடு ஒப்பிட வேண்டாம். "உனக்கு மண்டையில ஒண்ணும் இல்ல" என்ற வார்த்தை வாயில் வரவே வேண்டாம். அது பாடத்தைவிட ஆழமாகப் பதிந்துவிடும்.

மலைக்கு என்று உள்ள சிரமங்கள்

இதெல்லாம் டவுன்காரர்களுக்குச் சரி, நமக்கு நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நம் மலையின் பயிர்க் காலமும் பள்ளிக்கூடத்தின் பரீட்சைக் காலமும் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் காப்பிப் பழம் பறிப்பது நவம்பரில் ஆரம்பித்து ஜனவரி, பிப்ரவரி வரை போகும். அதற்கு நடுவில்தான் அரையாண்டுத் தேர்வு. அதை முடித்தால் மிளகு. அது மார்ச் மாதத்தில், பொதுத் தேர்வு நேரத்தில் பழுத்து நிற்கும். ஏப்ரல், மே என்றால் கொடைக்கானலில் சீசன். வடகிழக்குப் பருவமழையில் ரோட்டில் மண் சரிந்தால் பஸ் வராது. சாயங்காலம் வழியில் காட்டெருமை நிற்கும்.

பழுத்த பழம் நமக்காகக் காத்திருக்காது, உண்மைதான். பரீட்சையும் காத்திருக்காது. 14 வயதுக்குக் கீழே உள்ள புள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 2016-ல் திருத்திய சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வீட்டுத் தோட்டத்தில் உதவி செய்வது என்றாலும் பள்ளிக்கூடம் முடிந்த பிறகுதான். பெரிய புள்ளைங்க விஷயத்திலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் லீவு போட்டால் கிடைக்கிற கூலி நமக்குத் தெரியும். அந்த இரண்டு நாளில் நடத்திய பாடம் புரியாமல் அடுத்த பாடமும் புரியாமல் போகும் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது.

இங்கேதான் குழு உதவ முடியும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் கல்விக் கடன் கொடுக்கிறோம், நல்லது. டிசம்பர் முதல் மார்ச் வரை, பொதுத் தேர்வு எழுதும் புள்ளைங்க உள்ள வீட்டுக்கு, கூலி இழப்பைத் தாங்கிக்கொள்ள ஒரு சிறிய உள்கடனை முன்னுரிமையில் கொடுக்கலாம். பறிப்பு முடிந்து கையில் காசு வந்ததும் திரும்பக் கட்டலாம். புள்ளையின் கூலியை எதிர்பார்க்காமல் அந்த நாலு மாதத்தைக் கடந்துவிட்டால் போதும்.

பொம்பளப் புள்ளைங்க விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பள்ளிவிட்டு வந்ததும் அண்ணன் விளையாடப் போவான். தங்கச்சி தண்ணி எடுத்து, பாத்திரம் கழுவி, சின்னப் புள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு எட்டு மணிக்குத்தான் புத்தகத்தை எடுப்பாள். எடுத்ததும் தூக்கம் சொக்கும். பிறகு "அவன் நல்லாப் படிக்கிறான், இவளுக்குப் படிப்பு வரல" என்போம். வேலையை இரண்டு பேருக்கும் சமமாகப் பிரியுங்கள். வித்தியாசம் எங்கே இருந்தது என்று அப்போது தெரியும்.

அந்தப் புள்ள என்ன ஆனாள்?

ஜனவரியில் தொடங்கிய பழக்கத்தை அந்தம்மா விடவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லு" என்பார். முதல் இரண்டு வாரம் புள்ள அழுதது. "படிச்சா வருது, மூடுனா போயிருதும்மா" என்றது. மூன்றாவது வாரத்திலிருந்து புள்ளி குறைந்தது. சாயங்காலம் அந்தத் தங்கச்சி வீட்டில் நாலு புள்ளைங்க சேர்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டார்கள். மிளகு பறிப்புக்கு அந்த வருஷம் புள்ளையை அனுப்பவில்லை. அதற்காகக் குழுவில் கொடுத்த உள்கடன் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது.

பொதுத் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம் வந்தாள் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அறிவியலும் சமூக அறிவியலும் பாஸ். கணக்கில் பெயில். எட்டாம் வகுப்பிலிருந்தே விட்டுப்போன கணக்கை இரண்டரை மாதத்தில் பிடிக்க முடியவில்லை. மில்லுக்கு ஆள் எடுப்பவர் மறுபடி வந்து நின்றார். இந்தத் தடவை அந்தம்மாவே பதில் சொன்னார்: "ரெண்டு பாடத்த மூணு மாசத்துல தூக்கிட்டா. ஒரு பாடத்த தூக்க மாட்டாளா? நீங்க போயிட்டு வாங்க."

பெயிலான பாடத்தை அதே வருஷத்தில் துணைத் தேர்வில் எழுதலாம் என்று பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பணம் கட்டி எழுதினாள். கணக்கில் பாஸ். அந்த வருஷமே பிளஸ் ஒன் சேர்ந்தாள். அந்தக் கூட்டத்தில் "அனுப்பிரு" என்று சொன்ன எங்கள் நாலு பேருக்கும் அந்தம்மா மறக்காமல் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டோம், கூச்சமாகத்தான் இருந்தது.

தெரிந்துகொள்ளுங்கள்

• அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் புள்ளைங்க தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தலைமை ஆசிரியரிடம் வருஷ ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

• அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. இந்த வருஷ விதிமுறைகளைப் பள்ளியிலோ கல்லூரியிலோ விசாரித்துக்கொள்ளுங்கள்.

• பொதுத் தேர்வில் பெயிலானால் படிப்பு முடிந்தது என்று அர்த்தமல்ல. ரிசல்ட் வந்த உடனே பள்ளிக்குப் போய்த் துணைத் தேர்வுக்குக் கடைசித் தேதியைக் கேளுங்கள். தேதி தாண்டினால் வருஷம் வீணாகும்.

• பெண்களுக்கென்றே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984 முதல் நம் கொடைக்கானலில் இருக்கிறது. லீவு நாளில் புள்ளைங்களை ஒரு தடவை கூட்டிப்போய் வாசலையாவது காட்டுங்கள்.

கூட்டத்தில் கலந்து பேசுவோம்

இந்தப் பாடத்தை எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கவும். வாசித்து முடித்ததும் இதழை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் ஞாபகம் இருப்பதில் ஒன்றைச் சொல்லவும். புள்ளைங்களுக்குச் சொன்னது நமக்கும்தான்! பிறகு கீழ்க்கண்ட கேள்விகளைப் பேசவும்.

1. நம் குழுவில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் புள்ளைங்க எத்தனை பேர்? அவர்கள் போன மாதம் எத்தனை நாள் லீவு போட்டார்கள்? என்ன காரணம்?

2. நம் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் படிக்கக் கிடைக்கும் நேரம் ஒன்றா?

3. பறிப்புக் காலத்தில் புள்ளையை வேலைக்கு அனுப்பாமல் இருக்க எவ்வளவு உள்கடன் தேவைப்படும்? எப்போது திரும்பக் கட்ட முடியும்?

4. சாயங்காலம் ஒரு மணி நேரம் புள்ளைங்க சேர்ந்து படிக்க, ஊரில் வெளிச்சமுள்ள ஒரு இடமும் கூட இருக்க ஒரு பெரியவரும் கிடைப்பார்களா? காட்டெருமை நடமாட்டம் உள்ள ஊரில் புள்ளைங்களை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது?

முடிவு செய்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூலானதும், கடன் பேச்சுக்கு முன்னால், "நேத்து ராத்திரி உங்க புள்ள புத்தகத்த மூடிட்டு என்ன சொல்லுச்சு?" என்று ஒவ்வொருவரையும் ஊக்குநர் கேட்கட்டும்.